எட்டில் நின்ற எண்ணிக்கை

நவம்பர் பிறந்ததும் வடகடல் தன் மூச்சை ஸ்கெல்பி நகரத்தின்மேல் விடத் தொடங்கும். விடியலில் துறைமுகச் சுவரைத் தொட்ட மூடுபனி, நண்பகலுக்குள் மீன்சந்தையைக் கடந்து, தேவாலயக் கோபுரத்தைக் கழுத்துவரை விழுங்கி, பொழுது சாயுமுன் வீட்டுக் கதவுகளின் சாவித்துளை வழியே உள்ளே எட்டிப் பார்க்கும். கோடையெல்லாம் பிள்ளைகளைச் சுமந்த கழுதைகள் உள்நாட்டுத் தொழுவங்களுக்குப் போய்விட்டன. பனிக்கூழ் வண்டிகளும் வாடகை நாற்காலிகளும் அகன்ற கடற்கரையில், கலங்கரையின் ஊதுகுழல் ஒன்றே நிமிடத்துக்கு இருமுறை முனகிக்கொண்டிருக்கும். எதிரே வருபவர் மூன்றடி தூரத்தில்தான் தெரிவார். ஆகவே அவ்வூரார் அம்மாதத்தில் தெருவில் நடக்கும்போது தத்தம் பெயரைச் சொல்லிக்கொண்டே நடப்பார்கள். பெயர் சொல்லாமல் கடந்துபோகும் உருவத்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நகராட்சியின் நீச்சல் மண்டபமும் அக்டோபர் முடிவதற்குள் வேறு பிறவி எடுக்கும். குளத்து நீரை வடித்துவிட்டு, நீலப் பீங்கான் பதித்த அந்த வெற்றுக் குழியின்மேல் கரைக்குக் கரை பலகை பாவி, பலகைமேல் மற்போர் மேடையை நிறுத்துவார்கள். மார்ச் வரை சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். மேடையில் ஒருவன் விழுந்தால், அடியிலுள்ள குழி அந்த ஓசையை வாங்கி வைத்துக்கொண்டு, சற்றுப் பொறுத்துத் திருப்பித் தரும்.

திருப்பித் தருவது எதிரொலி அன்று என்பதைக் குராஹாஷி தத்ஸுமி மூன்று வாரங்களாக எவரிடமும் சொல்லவில்லை.

தத்ஸுமிக்கு வயது இருபத்தாறு. பதினைந்தில் சுமோ மல்லர்களின் விடுதியில் சேர்ந்து, இருபதில் முழங்கால் உடைந்து, பிறகு டோக்கியோவில் ஒரு மற்போர்க் குழுவில் இடம் பிடித்தவன். அக்குழு இளம் மல்லர்களைக் கடல் கடந்த நாடுகளுக்கு அனுப்பிவைக்கும். ஓராண்டோ ஈராண்டோ அந்நிய ஊர்களில் அடிபட்டுத் தேறியவனைத் திரும்ப அழைத்து, அவன் சொந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு மேடையேற்றும். அழைக்கப்படாமலே போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிக் குழுவில் யாரும் பேசுவதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தில் இறங்கிய தத்ஸுமிக்கு, புத்தாண்டுப் போட்டிக்கு வரச் சொல்லி டோக்கியோவிலிருந்து தந்தி வந்திருந்தது. ஒரே நிபந்தனை: இங்குள்ள ஆட்டங்களை நடத்தும் முதலாளி ஹரால்ட் க்ரௌதர் அவனைப் பற்றி ஒரு நல்ல கடிதம் எழுத வேண்டும்.

க்ரௌதர் அவன் வந்திறங்கிய முதல் நாளே ஒரு பெயரையும் ஓர் அங்கியையும் கையில் திணித்திருந்தார். பெயர், பயங்கரக் காட்டோ. அங்கி, முதுகில் வெள்ளைக் கொக்கு பின்னிய கறுப்புப் பட்டு. இரண்டும் வேறொருவனுடையவை. சுவரொட்டியில் இருந்த முகமும் அந்த வேறொருவனுடையதே. "மாத்தி அச்சடிக்க வேணாம் பாரு. ஒங்க மூஞ்சியெல்லாம் இவங்களுக்கு ஒண்ணுதான்" என்று க்ரௌதர் சிரித்தார். பழைய காட்டோ ஜப்பானுக்குத் திரும்பிப் போய்விட்டதாகவும் சொன்னார். தத்ஸுமி தலை வணங்கி வாங்கிக்கொண்டான். ஊர் ஊராகப் போய் வில்லனாக வசைபட்டான். ஆட்டத்துக்கு முன் சுமோ வழக்கப்படி ஒரு கைப்பிடி உப்பை மேடைமேல் உயர வீசுவான். கூட்டம் ஊளையிடும். ஏழு மாதம் குறையின்றிக் கழிந்தது.

அக்டோபர் கடைசியில் ஸ்கெல்பிக்கு வந்த சனிக்கிழமையன்று, அவன் வீசிய உப்பு, மேடையில் நீலத் திண்டு கட்டிய நீல மூலைக்கு அருகில் மட்டும் நீராய்க் கசிந்தது. கசிந்த ஈரம் ஒரு மனிதன் மல்லாந்த நீளத்துக்கு இருந்தது.

அன்றைய எதிராளி ஜாக் சக்டன். உள்ளூர் மீன் கடைக்காரன், ஊரின் செல்லப்பிள்ளை. ஆட்டத்தின் போக்கு முன்பே பேசி வைத்தது. ஐந்தாம் சுற்றில் ஜாக் அவனைத் தலைக்குமேல் தூக்கி அடிப்பான். நடுவர் பத்து வரை எண்ணத் தொடங்குவார்; பத்துக்குள் எழாதவன் தோற்றவன். காட்டோ ஒன்பதில் எழுந்து, இடுப்பில் ஒளித்த உப்பை ஜாக்கின் கண்ணில் வீசி வஞ்சகமாக வெல்வான். ஊர் கொதிக்கும், அடுத்த ஆட்டத்துக்கு இடம் நிரம்பும். ஜாக் தூக்கி அடித்தான். தத்ஸுமி முறைப்படி இடது உள்ளங்கையால் விரிப்பை ஓங்கி அறைந்து விழுந்தான். அடுத்த நொடி பலகைக்குக் கீழே மற்றோர் உள்ளங்கை அதேபோல் அறைந்தது. இங்கிலாந்து மல்லர்கள் இரு கைகளையும் விரித்து விழுவார்கள். ஒற்றைக் கையால், அந்தக் கோணத்தில், அந்த அழுத்தத்தில் தரையை அறைவது ஜப்பானில் விழக் கற்றவன் மட்டுமே.

நடுவர் சிரில் ஹெப்டன் எண்ணினார். ஏழு என்றபோது தத்ஸுமி எழ முயன்றான். முதுகு எழவில்லை. பலகைக்கு அப்பாலிருந்து யாரோ அவன் தோள்களைப் பற்றியிருந்தார்கள். அது பகைவனின் பிடியாக இல்லை. தண்ணீரில் தத்தளிப்பவன் அருகே வந்தவனைப் பற்றும் பிடி. "எட்டு" என்றார் சிரில். பிறகு அவர் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ஒன்பது வரவில்லை. மண்டபம் அடங்கிப்போன அந்த அமைதியில், முன்வரிசையில் பின்னல் ஊசிகளுடன் அமர்ந்திருந்த திருமதி ஆலரன்ஷா என்ற முதியவள் இயல்பாகக் கேட்டாள்:

"நாலு வருசமா எட்டுலயே கெடக்கியே, இன்னும் எந்திரிக்கலையாப்பா?"

ஜாக் சட்டென்று குனிந்து, அடிப்பதுபோல் தத்ஸுமியின் தலைமுடியைப் பற்றித் தூக்கி நிறுத்தினான். ஆட்டம் எப்படியோ முடிந்தது. அன்று இரவு அங்கியைக் கழற்றியபோது, மழையில் நனையாத அந்தப் பட்டு ஈரக் கம்பளியைப்போல் கனத்தது.

க்ரௌதர் கத்தினார். "ஒம்பதுன்னா ஒம்பது! எண்ணத் தெரியாதா ஒனக்கு? மூணு வாரம் கழிச்சு இதே மண்டபம், இதே ஜாக். ஒழுங்கா எந்திரிச்சின்னா கடுதாசி. இல்லன்னா இங்கயே கெட."

*

மூன்றாம் வாரச் சனிக்கிழமை நண்பகலில் தத்ஸுமி மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்தான். வழியில் மூடுபனிக்குள் அவனும் ஊரார்போலவே பெயர் சொல்லி நடக்க முயன்றான். காட்டோ என்று சொல்ல நா எழவில்லை. குராஹாஷி என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? வாய் மூடியே நடந்தான். எதிரே வந்த இருவர் அவனைப் பார்க்காமல் விலகிப் போனார்கள்.

உடை மாற்றும் அறையில் ஜாக் சக்டன் வாயில் இறைச்சிப் பணியாரத்தை அடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சிரில் ஹெப்டன், வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தார். சிரில் கிழமை நாட்களில் முடி திருத்துபவர், மெலிந்தவர், நாற்பது வருடமாக மேடைகளில் எண்ணிக்கொண்டிருப்பவர்.

"வாப்பா கொழந்த," என்றான் ஜாக். "இன்னிக்காவது எந்திரிப்பியா, இல்ல நான் ஒன் முடியப் புடுங்கணுமா? சிரில் அண்ணன்கிட்ட குடுத்தா அழகா வெட்டிவிடுவாரு."

"அவரு எட்டு முடிதான் வெட்டுவாரு," என்றான் தத்ஸுமி. ஏழு மாதத்தில் அவனுக்கு வந்த இங்கிலீஷில் அதுதான் முதல் கேலி.

ஜாக் விழுந்து விழுந்து சிரித்தான். சிரில் சிரிக்கவில்லை. கழுத்துப்பட்டியின் முடிச்சு அவர் விரல்களில் அவிழ்ந்தது.

தத்ஸுமி அங்கியை எடுத்தான். கழுத்துப் பட்டையில் எப்போதும் ஏதோ உறுத்தும். இன்று கனத்தில் தையல் விட்டு, உள்துணி மடிந்து வெளியே தெரிந்தது. அதில் சிவப்பு நூலால் நான்கு ஜப்பானியச் சித்திர எழுத்துகள். கப்பலில் வேலை பார்ப்பவர்கள் சலவையில் துணி மாறாமலிருக்கத் தைத்துக்கொள்ளும் பெயர். அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு அதை மெல்ல வாய்விட்டுப் படித்தான்.

"இசுருகி ஸென்கிச்சி."

குளிக்கும் குழாய் ஒன்று சொட்டுவதை நிறுத்தியது. ஜாக் மெல்லுவதை நிறுத்தினான்.

"அண்ணே," என்றான் தத்ஸுமி, சிரிலைப் பார்த்து. "இவரு ஜப்பான் போகல. இல்ல?"

சிரில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய கண்கள் அங்கியிலேயே இருந்தன.

"கப்பல் சமையல்காரரா இருந்தவரு," என்றார். "ஹல் துறைமுகத்துல எறங்கினாரு. கப்பல் போயிடுச்சு, இவரு போகல. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பேரு கேட்டா, காட்டோன்னே கூப்பிடுங்கன்னு சிரிப்பாரு. நாலு வருசத்துக்கு முன்னால, இதே நவம்பர், நீல மூலை. ஜாக் தூக்கிப் போட்டான். தப்பு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் விழுந்தாரு. ஒம்பதுல எந்திரிக்கணும். நான் எண்ணிக்கிட்டு வரேன். எட்டுன்னு சொல்லும்போது கண்ணப் பாத்தேன் தம்பி. கண்ணு தெறந்திருக்கு. உள்ள ஆளு இல்ல."

"நெஞ்சு நின்னு போச்சுன்னாங்க டாக்டரு," என்றான் ஜாக் தாழ்ந்த குரலில். "என் கையில இருந்தப்ப உசுரோட இருந்தாரா, இல்லையான்னு இன்னும் எனக்குத் தெரியல."

"நான் ஒம்பது சொல்லல," என்றார் சிரில். "பத்தும் சொல்லல. க்ரௌதர் மைக்கப் புடிச்சு, காட்டோ ஆட்டத்த விட்டுக் குடுத்துட்டான்னு சொன்னாரு; நாங்க அவர அந்த அங்கியிலயே சுத்தி பக்கத்துக் கதவு வழியா தூக்கிட்டுப் போனோம். மணி அடிக்கவே இல்ல. கூட்டம் ஊளையிட்டுச்சு. செத்தவரப் பாத்து ஊளையிட்டுச்சு. அப்புறம் இந்த மண்டபத்துல எனக்கு எட்டத் தாண்டி வாய் வந்ததில்ல. யாரையும் எண்ணி முடிச்சதில்ல. எட்டுக்குள்ள எந்திரிங்கடான்னு பயலுகக்கிட்ட கெஞ்சி வச்சிருந்தேன். ஒங்கிட்ட மட்டும் சொல்ல வாய் வரல."

தத்ஸுமி அங்கியை மடியில் வைத்துக்கொண்டான். மணி அடிக்காத ஆட்டம் முடியாத ஆட்டம். அதைக் குழுவில் சேர்ந்த முதல் நாளிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எண்ணி முடியும்வரை வீழ்ந்தவன் வீழ்ந்தவனும் அல்லன், எழுந்தவனும் அல்லன். நான்கு ஆண்டுகளாக ஒருவன் அந்த இரண்டுக்கும் நடுவே, பெயரும் இன்றி, நீலக் குழியின்மேல் மல்லாந்து காத்திருக்கிறான்.

"தம்பி," என்றார் சிரில், "நீ உப்பெறியறியே, அது எதுக்கு?"

"அழுக்குப் போக. தீட்டுப் போக." தத்ஸுமி சொற்களைத் தேடினான். "எங்க ஊர்ல சாவுக்குப் போயிட்டு வந்தா, வாசல்லயே உப்பு போடுவோம். அப்புறந்தான் உள்ள போவோம். செத்தவங்க கூடவே வந்துடக் கூடாதுன்னு..."

சொல்லி முடிக்குமுன் அவனுக்கே கேட்டது. தன் நாட்டான் ஒருவன் கை நீட்டிக் கிடந்த இடத்தில், வராதே வராதே என்று உப்பை வீசியிருக்கிறான். அதுவும் அவனுடைய அங்கியை அணிந்துகொண்டு.

மல்லர்கள் இறந்தால் அவனுடைய குழுவில் ஒரு மரியாதை செய்வார்கள். மேடையைச் சுற்றி எல்லோரும் எழுந்து நிற்க, மணியைப் பத்து முறை, ஒவ்வொன்றின் அதிர்வும் அடங்கவிட்டு அடிப்பார்கள். கடைசியாக ஒருமுறை அவருடைய பெயரை உரக்கச் சொல்வார்கள். தத்ஸுமி அதை இப்படியும் அப்படியுமாகச் சொல்ல, சிரிலுக்குப் புரிந்தது. "இங்கயும் அது உண்டுப்பா. நல்ல ஆளுங்களுக்கு" என்றார்.

க்ரௌதர் மேடையருகே மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். அறிவிப்பாளரும் அவரே, நேரக்காப்பாளரும் அவரே, பித்தளை மணி அவர் முன்னால் மேசைமேல் இருந்தது. தத்ஸுமி சொன்னதைக் கேட்டதும் அவருடைய கழுத்து சிவந்தது.

"வில்லனுக்குப் பத்து தடவ மணி அடிக்கறதா? காட்டோ செத்துட்டான்னு சொன்னா, அப்ப நீ யாரு? பேயா?"

"எனக்கும் அதான் சந்தேகம் ஐயா."

"வெளையாடாத. கொட்டாயி முழுக்க வித்தாச்சு. ஒம்பதுல எந்திரி, உப்பப் போடு, ஜெயி. ஊருக்குப் போகணும்ல?" அவர் குரல் தணிந்தது. தணிந்தபோதுதான் அதில் அச்சம் தெரிந்தது. "நானும் ஒண்ணும் மரக்கட்ட இல்ல. கல்லு வச்சிருக்கேன், மேட்டு இடுகாட்டுல. பேரு தெரியாததால வெறுங்கல்லு."

*

மூன்று மணிக்கு விளக்குகள் எரிந்தன. மூடுபனி கண்ணாடிக் கூரைமேல் வயிறு பதித்துப் படுத்திருந்தது. அறுநூறு பேர் இருந்தும் மண்டபம் சூடேறவில்லை. பேசுபவர் வாயிலெல்லாம் புகை வந்தது.

"காட்டோ! உன் படகுக்கே ஓடுடா!"

"ஏ, அவன் மூஞ்சியப் பாரு, தயிரு திரிஞ்ச மாதிரி!"

"ஜாக்கு, இவன வெட்டி ஐஸ்ல போட்டு விக்கிடா!"

திருமதி ஆலரன்ஷா தன் வழக்கமான இருக்கையில் இருந்தாள். வில்லன்கள் கயிற்றருகே வந்தால் கைப்பையால் அடிப்பவள்; அந்தப் பையில் ஒரு செங்கல் இருப்பதாக ஊரில் பேச்சு. ஞாயிறுதோறும் மெதடிஸ்ட் ஆலயத்தில் முதல் வரிசையும் அவளுடையதே. தத்ஸுமி கடக்கும்போது அவள் அடிக்கவில்லை. அங்கியின் ஈரமான ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"கனக்குதா, ராசா?"

"ரொம்பக் கனக்குது அம்மா."

"நாலு வருசத் தண்ணி. கனக்காம என்ன செய்யும்?"

தத்ஸுமி மேடையேறினான். தட்டில் உப்பு வைத்திருந்தது. கூட்டம் ஊளையிடத் தயாராக மூச்சை இழுத்தது. அவன் தட்டை எடுத்தான். நீல மூலையைப் பார்த்தான். தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, இரு கைகளையும் தொடைமேல் வைத்து இடுப்பு மடியக் குனிந்து வணங்கினான். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று கூட்டத்துக்குத் தெரியவில்லை. க்ரௌதரின் விரல்கள் மேசையில் தாளமிட்டன.

நான்கு சுற்றுகள் பேச்சுப்படி நடந்தன. ஆனால் இருவர் ஆடும் ஆட்டத்தில் மூன்று மூச்சுகள் இரைந்தன. ஜாக் ஒருமுறை அவனைப் பிடித்துக் கழுத்தருகே வாய் வைத்து, "கேக்குதாடா ஒனக்கும்?" என்றான். "கேக்குது அண்ணே. நிறுத்தாத" என்றான் தத்ஸுமி.

ஐந்தாம் சுற்று. ஜாக் தூக்கினான். தத்ஸுமி விளக்குகளைக் கண்டான். கூரைமேல் வெண்மையைக் கண்டான். நீல மூலையில், அந்த நீளத்துக்குச் சரியாக விழுந்தான். உள்ளங்கை அறைந்தது. கீழே அந்த உள்ளங்கையும் அறைந்தது. இம்முறை தாமதமில்லை. இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன.

"ஒண்ணு," என்றார் சிரில்.

கைகள் வந்தன. தோள்களைப் பற்றின. விரிப்பின் வழியே கடலின் குளிர் ஏறியது; உப்புநீர் வாசமும், கப்பல் சமையலறையில் சோறு வேகும் வாசமும் சேர்ந்து ஏறின. நான்கு, ஐந்து. தத்ஸுமி அந்தப் பிடியை எதிர்க்கவில்லை. ஒன்பதில் எழுந்தால் கடிதம் உண்டு, புத்தாண்டு உண்டு, சொந்தப் பெயர் உண்டு. ஒன்பதில் எழுந்தால் பத்து ஒலிக்காது. பத்து ஒலிக்க வேண்டுமானால் ஒருவன் கிடந்தே ஆக வேண்டும். கிடந்தவன் அதன்பின் எழுவானா என்பதை எண்ணுபவரும் அறியார்.

"ஏழு. எட்டு."

மண்டபம் அடங்கியது. சிரிலின் எண்ணிக்கை நின்றது. அவர் குனிந்து பார்த்தார். தத்ஸுமியின் கண்கள் திறந்திருந்தன, அசையவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே கண்கள். ஊதுகுழல் வெளியே ஒருமுறை முனகியது.

தத்ஸுமியின் உதடுகள் மட்டும் பிரிந்தன. "எண்ணுங்க அண்ணே. அவருக்காக."

முன்வரிசையில் பின்னல் ஊசிகள் நின்றன. "சொல்லுடா சிரிலு," என்றாள் திருமதி ஆலரன்ஷா. "மனுசன் காத்துக்கிட்டிருக்காரு."

"ஒம்பது," என்றார் சிரில். அது சொல்லாக வரவில்லை. நெடுநாள் தொண்டையில் கிடந்த முள்ளாக வந்தது. க்ரௌதர் பாதி எழுந்துவிட்டார். "எந்திரிடா!" என்று அவர் உதடுகள் சொல்லின. தத்ஸுமி எழவில்லை.

"பத்து."

எண்ணிக்கை முடிந்தது. மணி ஒலிக்க வேண்டும். க்ரௌதரின் கையில் சுத்தி இருந்தது, கை அசையவில்லை. அந்த இடைவெளியில் தத்ஸுமியின் இமைகளுக்குள் நீல நிறம் நிறைந்தது. மார்பு ஏறவில்லை. தோள்களைப் பற்றியிருந்த கைகள் இறுகின. இறுகி, அவனைக் கீழே இழுக்கவும் மனமின்றி, மேலே விடவும் வழியின்றி அப்படியே நின்றன.

அப்போது பலகைகளுக்கு அடியிலிருந்து ஓர் உள்ளங்கை தரையைத் தட்டியது. பெருத்த அறையாக அன்று. தோற்றவன் போதும் என்று ஒப்புக்கொள்ளும்போது தட்டும் மெல்லிய தட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. அறுநூறு பேரும் கேட்டார்கள்.

க்ரௌதரின் கை தானாக விழுந்தது. மணி ஒலித்தது.

அந்த ஒலி குழிக்குள் இறங்கிற்று, திரும்பி வரவில்லை. தோள்களிலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. தத்ஸுமி மூச்சை இழுத்தான். அப்போதே பிறந்த குழந்தையின் முதல் மூச்சுபோல் அது மண்டபம் முழுதும் கேட்டது. ஜாக் ஓடிவந்து கை கொடுத்தான். அவன் ஜாக்கின் கையைப் பற்றி எழுந்தான். மூலையில் கிடந்த கறுப்பு அங்கியை எடுத்து, நீல மூலையில் கொக்கு மேலே தெரிய விரித்தான். பிறகு மைக் இல்லாமலே, மலைக்கு அப்பால் கேட்கும்படி கூவினான்:

"இசுருகி ஸென்கிச்சி!"

யாரும் ஊளையிடவில்லை. திருமதி ஆலரன்ஷா எழுந்து தொப்பியைச் சரி செய்துகொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை எழுந்தது. அதன் பின்னால் இன்னொரு வரிசை. ஆண்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். சிரில் க்ரௌதரைப் பார்த்து, "இன்னும் ஒம்பது இருக்கு ஹரால்டு" என்றார்.

ஹரால்ட் க்ரௌதர் அடித்தார். ஒவ்வொன்றின் அதிர்வும் அடங்கவிட்டு, கண்ணைத் துடைக்கக்கூடக் கை எடுக்காமல், பத்து வரை அடித்தார்.

*

கூட்டம் பேச்சின்றிக் கலைந்து மூடுபனிக்குள் போயிற்று. போகிறவர்கள் தத்தம் பெயரைச் சொல்லிக்கொண்டே போவது வெகுநேரம் கேட்டது.

க்ரௌதர் உடை மாற்றும் அறையின் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"கடுதாசி எழுதறேன்," என்றார். "யாரப் பத்தி எழுதறதுன்னு யோசிச்சா, பேரே தெரியல எனக்கு. ஏழு மாசமா தெரியல. ஒன் பேரு என்னப்பா?"

"குராஹாஷி தத்ஸுமி, ஐயா."

"மெதுவாச் சொல்லு. எழுதிக்கறேன். அப்புறம் அந்த இன்னொரு பேரையும் சொல்லு. கல்லுல வெட்டணும்."

மண்டபத்து மூலையில், துப்புரவுக்காக ஒரு பலகை தூக்கும்படி விட்டிருந்தது. தத்ஸுமி அதைத் தூக்கிக் குளத்தின் படிகளில் இறங்கினான். பலகை இடுக்குகளின் வழியே விளக்கொளி கீற்றுக் கீற்றாக நீலத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. எங்கும் நவம்பரின் கசிவு. மேடையின் நீல மூலைக்கு நேர் கீழே மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குத் தரை வெயிலில் காய்ந்ததுபோல் உலர்ந்திருந்தது. அவன் அங்கியை மடித்து, சிவப்பு நூல் எழுத்துகள் மேலே தெரிய அங்கே வைத்தான். இப்போது அது பட்டின் எடையே இருந்தது.

அவ்வூரில் அரிசி ஒரே உருவத்தில்தான் கிடைக்கும். பாலிலும் சர்க்கரையிலும் குழைய வேகவைத்த பாற்சோறு. மண்டபத்துத் தேநீர்க் கடையில் அது இருந்தது. அதில் ஒரு கிண்ணத்தைத் தத்ஸுமி அங்கியின் முன் வைத்தான். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர். ஊதுவத்திக்குப் பதிலாக, இறந்தவர் பிடிக்கும் வகை என்று சிரில் கொடுத்த சிகரெட்டைப் பற்றவைத்துக் குவளை விளிம்பில் சாய்த்தான். புகை நேராக எழுந்து, பலகை இடுக்கு ஒன்றைக் கண்டுபிடித்து வெளியேறியது. மேலே தட்டில் இருந்த உப்பை அவன் கொண்டுவரவில்லை.

முழந்தாளிட்டான். கைகளைக் கூப்பினான். அளவிலா ஒளியுடைய அமிதாபப் புத்தனின் திருப்பெயரை, பெற்றவள் சொல்லக் கேட்ட அதே மெல்லிய இழுப்பில், பத்து முறை சொன்னான். எட்டாவதில் நிற்கவில்லை.

மேலே, தூக்கிய பலகையின் விளிம்பில் ஒரு நிழல் குனிந்தது. திருமதி ஆலரன்ஷா, கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, முழங்கால் வலிக்க மண்டியிட்டிருந்தாள். சுருங்கிய கையை அவன் தலை இருந்த திசையில் நீட்டினாள்.

"போற கரையெல்லாம் நல்ல கரையா இருக்கட்டும், ராசா. விழுந்தா எந்திரிக்க வலு இருக்கட்டும். எந்திரிக்க முடியாத அன்னிக்கு, எண்ணி முடிக்க ஒரு ஆளு பக்கத்துல இருக்கட்டும். பேரு சொல்லிக் கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஆண்டவன் இருக்கட்டும்."

சற்று நிறுத்தி, அங்கி மடித்து வைத்திருந்த பக்கம் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குந்தான் சொல்றேன்."